எண்ணெய் வெல ஏறுனா தாங்குதோம், கூலி ஏறுனா மட்டும் கடை மூடிருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன், காலைல இட்லி தோசை, சாயங்காலத்துல இருந்து பரோட்டா சால்னா, பதினெட்டு வருசமா நடத்துதேன். போன வாரம் உங்க பேப்பர்ல ஒருத்தர் எழுதுன லெட்டர படிச்சேன், குறைந்தபட்சக் கூலிய இன்னும் ஏத்துனா சின்ன கடைக்காரன் எல்லாம் ஷட்டர இறக்கிட்டுப் போக வேண்டியதுதான், பாதி பேருக்கு வேலை போயிரும்னு எழுதியிருந்தாரு. அவரும் என்னைய மாதிரி கடைக்காரராத்தான் இருக்கணும். அவரு பயம் எனக்குப் புரியுது, அதே பயத்தோட நானும் ரொம்ப வருசம் இருந்திருக்கேன். ஆனா அந்தப் பயம் எங்கிருந்து வருதுன்னு அவரு தப்பா புடிச்சிருக்காருன்னு நினைக்கேன், அதான் ராத்திரி கடைய சாத்திட்டு வந்து உக்காந்து இத எழுதுதேன்.

2022 நியாபகம் இருக்கா? உக்ரைன்ல சண்டை ஆரம்பிச்சு சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்னுச்சு, அப்புறம் ஏப்ரல் கடைசில இந்தோனேசியாக்காரன் பாமாயில் ஏற்றுமதிய நிறுத்திட்டான், மே 23லதான் திரும்ப விட்டான். எனக்கு ஒரு டின்னுக்கு ஐநூறு ரூபாக்கு மேல ஏறுச்சு. அப்ப யாராவது பேப்பர்ல எழுதுனாங்களா, எண்ணெய் வெல ஏறிருச்சு பரோட்டாக் கடை எல்லாம் மூடிரும்னு? எழுதல. ஏன்னா எனக்கு ஏறுன அதே நாள்தான் எதுத்த கடைக்கும் ஏறுச்சு, கல்லிடைக்குறிச்சிக்காரனுக்கும் ஏறுச்சு, தென்காசிக்காரனுக்கும் ஏறுச்சு. எல்லாரும் பரோட்டாவுக்கு ஒரு ரூபா ஏத்துனோம், ஒரு வாரம் ஜனங்க முனங்குனாங்க, எட்டாம் நாள் அதே கூட்டம் அதே டேபிள்ல வந்து உக்காந்துருச்சு.

கூலி அப்படி ஏறாது, அதான் பிரச்சினையே. சட்டம் போடுதாங்க, ஆனா நான் கொடுத்தா எதுத்தாப்புல இருக்கவரு கொடுக்கது இல்ல. கேக்கதுக்கும் ஆள் இல்ல. அப்ப கூலி கொடுக்கவன் முட்டாள், கொடுக்காதவன் வியாபாரின்னு ஆயிருது. என்னைக் கேட்டா கூலி ஏறுறது கடைய மூடாது, ஒருத்தனுக்கு ஏறி இன்னொருத்தனுக்கு ஏறாம இருக்கதுதான் கடைய மூடும்.

கணக்கையே சொல்லிருதேன், ஒளிக்க என்ன இருக்கு. ராத்திரிக்கு எனக்கு முப்பது கிலோ மைதா போகும், கிலோவுக்கு இருபது பரோட்டான்னு வச்சா அறுநூறு பரோட்டா. பரோட்டா மாஸ்டருக்கு நாள் சம்பளம் ஆயிரத்துக்கு மேல, அவருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே தேவை இல்ல, நான் பத்து ரூபா கொறைச்சா நாளைக்கே ஆலங்குளத்துல நிப்பாரு, இல்லன்னா செங்கோட்டை தாண்டி புனலூருக்குப் போயிருவாரு. அவரு கைல தொழில் இருக்கு, அந்தத் தொழில்தான் அவருக்குப் பேசுது. சட்டம் தேவைப்படுறது யாருக்குன்னா பின்னாடி பாத்திரம் கழுவுற அக்காவுக்கு, காலைல வந்து வெங்காயம் வெட்டி மாவாட்டிக் கொடுக்கிற அம்மாவுக்கு, டேபிள் தொடச்சு எலை எடுக்கிற பெரியவருக்கு. இந்த மூணு பேருக்கும் நாளைக்கு நூத்திருபது ரூபா கூட்டுனா முந்நூத்தி அறுபது ரூபா. பரோட்டாவுக்கு ஒரு ரூபா ஏத்துனா அறுநூறு ரூபா. இதுல கடை எங்க மூடுது?

இத ஏதோ பெரிய மனுசன் மாதிரி சொல்லல. நாலு வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் நானும் கொடுக்கலதான். எனக்கு அப்படி ஒரு ரேட் இருக்குதுன்னே ஒழுங்கா தெரியாது, தெரிஞ்சுக்கவும் நினைக்கல. ஊர்ல என்ன கொடுக்காங்களோ அதக் கொடுத்தேன், பத்தாததுக்கு ராத்திரி மிச்ச சால்னாவும் நாலு பரோட்டாவும் தூக்குல ஊத்திக் கொடுத்து அனுப்புவேன், அது பெரிய தர்மம்னு எனக்குள்ள ஒரு நெனப்பு வேற. அந்த அக்கா வந்து அப்ப ஏழு வருசம் ஆயிருந்துச்சு. அண்டா, பரோட்டாக் கல்லு, சால்னா சட்டி, முந்நூறு தட்டு, அவ்வளவும் சோப்புத் தண்ணில கைய விட்டு விட்டு வெரல் இடுக்கெல்லாம் வெடிச்சு வெள்ளையா இருக்கும், ராத்திரி தேங்கா எண்ணெய தடவிட்டு பிளாஸ்டிக் கவர மாட்டிக்கிட்டு தூங்குவேன்னு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கு. என்கிட்ட ஒரு நாளும் சம்பளம் கூட கேட்டது இல்ல.

அக்கா மக காலேஜ்ல பி.காம் படிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு நாள் சாயங்காலம் அம்மாவக் கூட்டிட்டுப் போக வந்தவ, கல்லாப் பக்கத்துல நின்னு, அண்ணாச்சி ஒரு நிமிசம்னு போன நீட்டுனா. ஓட்டல் வேலைக்குக் கவர்மெண்ட் போட்ட ரேட், அடிப்படைக் கூலி தனியா, பஞ்சப்படி தனியா. இது எங்கம்மாவுக்கு வரணும்ல அண்ணாச்சின்னு மரியாதையாத்தான் கேட்டா, சத்தம் கூடப் போடல. பின்னாடி இருந்து அக்கா பதறி ஓடி வந்து, சும்மா இரு பிள்ளைன்னு அவ கையப் புடிச்சு இழுத்துச்சு. நான் கொடுத்தது அந்த ரேட்ட விட நாளைக்கு நூறு ரூபாக்கு மேல கொறைவு. ஏழு வருசம். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. அந்தப் பொண்ணு கேட்டது கூட பெருசா தெரியல, அக்கா பயந்து ஓடி வந்துச்சு பாருங்க, அதுதான் என்னைய என்னமோ பண்ணிருச்சு.

மறு மாசத்துல இருந்து ரேட்டுப்படி கொடுக்கேன். ஏழு வருசத்துப் பாக்கிய முழுசா கொடுக்க என்னால முடியல, அந்தப் பொண்ணு கடைசி வருசப் பீஸ் நான் கட்டுனேன், அதோட தீர்ந்துருச்சுன்னு சொல்ல மாட்டேன். கடைக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. மொத ஆறு மாசம் லாபம் கொறைஞ்சுச்சு, உண்மை. எதுத்த கடைல பரோட்டா ஒரு ரூபா கம்மி, சில பேரு அங்க போனாங்க. ஆனா முன்னாடி வருசத்துக்கு அஞ்சாறு பேரு வேலைய விட்டுப் போவாங்க, அட்வான்ஸ வாங்கிட்டு போன் எடுக்காதவங்க, பண்டிகைக்குப் போனா திரும்பாதவங்க, சனிக்கிழமை ராத்திரி கூட்டத்துல சப்ளைக்கு ஆள் இல்லாம நானே வாளியத் தூக்கிட்டு ஓடுன நாளெல்லாம் உண்டு. இப்ப இந்த மூணு வருசத்துல போனது ஒரே ஒருத்தர், அதுவும் மகன் வீட்டோட போய் இருக்கப் போனாரு. ஆள் தேடுற செலவு, புதுசா வந்தவன் ஒடைக்கிற தட்டு, கெட்டுப் போற மாவு, இதெல்லாம் நோட்டுல ஏறாத செலவு, அத யாரும் கணக்குல எடுக்கது இல்ல.

எதுத்த கடைக்காரரும் கெட்டவரு இல்ல, என் மகன் கல்யாணத்துக்குப் பந்தில நின்னு பரிமாறுனவரு. அவர்கிட்ட பேசுனேன். அவரு சொன்னாரு, வே, நான் ஏத்தத் தயார், ஆனா பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கவன் ஏத்துவானா, அவன் ஏத்தாம நான் ஏத்துனா என் பொழப்புல மண்ணுன்னு. பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கவரும் இதத்தான் சொல்லுவாரு. ஆளாளுக்கு அடுத்தவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கோம், நடுவுல பாத்திரம் கழுவுறவங்க கை வெடிக்கி.

இது இன்னைக்கு நேத்து நடக்கிற கதையும் இல்ல. எங்க அம்மா முக்கூடல்ல முப்பது வருசம் பீடி சுத்துனாங்க. ராத்திரி எலைய ஈரத்துணில சுத்தி வைக்கணும், விடியுமுன்ன எந்திரிச்சு தகட்ட வச்சு அளவா கத்திரியால வெட்டணும், சொளவ மடில வச்சுக்கிட்டா மதியம் சோறு பொங்கதுக்குத்தான் எந்திரிப்பாங்க, குனிஞ்சு குனிஞ்சு கழுத்து அப்படியே முன்னுக்கு வந்துருச்சு. கடைல கொடுக்கிற எலை ஆயிரத்துக்குக் காணாது, பாதி ஓட்டையா இருக்கும், கைக்காசு போட்டு எலை வாங்கி ஆயிரத்த தெகைக்கணும். கொண்டு போய்க் கொடுத்தா இது சரியில்ல அது சரியில்லன்னு கழிச்சது போக மிச்சத்துக்குத்தான் காசு, கழிச்ச பீடிய திருப்பித் தரவும் மாட்டான். அந்தக் கம்பெனி பேரு வேண்டாம். பேப்பர்ல ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு ஒரு கூலி இருக்கும், அம்மா கைக்கு வாரது வேற.

பீடித் தொழிலாளிக்குன்னு 1966லயே சென்ட்ரல்ல தனிச் சட்டம் போட்டாங்க. அத கேரளாக்காரன் 1968ல ஒழுங்கா அமல்படுத்துனான். ஒடனே கண்ணூர்ல பீடி சுத்தக் கொடுத்துக்கிட்டு இருந்த மங்களூர் முதலாளிங்க கடைய சாத்திட்டுப் போயிட்டாங்க, பன்னெண்டாயிரம் பேருக்கு வேலை போச்சு. பாத்தீங்களா கூலி கேட்டா வேலை போயிரும்னு சொல்லுதவங்களுக்கு இது நல்ல உதாரணம்தான், நானே எடுத்துக் கொடுக்கேன். ஆனா அவங்க ஏன் போக முடிஞ்சுச்சு? சட்டம் நாடு முழுக்க ஒன்னுதான், பக்கத்து ஸ்டேட்டுல அத யாரும் கண்டுக்கல, அதனால போக ஒரு எடம் இருந்துச்சு. அந்தாண்டையும் அன்னைக்கே அமல்படுத்தியிருந்தா எங்க போயிருப்பாங்க, கடலுக்குள்ளயா? அப்புறம் அங்க என்ன நடந்துச்சுங்கிறதையும் சேத்து சொல்லணும். 1969ல அந்தத் தொழிலாளிங்களே கவர்மெண்ட் உதவியோட தினேஷ் பீடின்னு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க, சட்டப்படி கூலியும் கொடுத்து வியாபாரமும் பண்ணாங்க, ஆயிரக்கணக்கான குடும்பம் அதுல பொழச்சுச்சு. பின்னாடி பீடி குடிக்கிற ஆள் கொறைய ஆரம்பிச்சதும் மசாலாப் பொடி, கொடை, துணின்னு மாறிக்கிட்டாங்க. நம்ம பக்கம் மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம்னு இத்தனை ஆயிரம் பொம்பளைங்க கைல அதே தொழில் இருந்துச்சு, அப்படி பெருசா ஒன்னு நம்மூர்ல வரலியேன்னு எனக்கு இன்னைக்கும் ஒரு ஆதங்கம் உண்டு.

சட்டத்தப் பத்தி கொஞ்சம் சொல்லுதேன், அந்தப் பொண்ணு காட்டுன பெறகு நானா தேடித் தேடிப் படிச்சது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948ல வந்தது. அதுல கூலி கொறைச்சுக் கொடுத்தா அபராதம் எவ்வளவுன்னு பாத்தா ஐநூறு ரூபா வரைக்கும், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயில். 1948ல ஐநூறு ரூபான்னா பெரிய தொகை, ஆனா அத மாத்தவே இல்ல. ஒரு ஆளுக்கு நாளைக்கு நூறு ரூபா கொறைச்சா அஞ்சு நாள்ல அந்த அபராதம் கைல நிக்கும், அதுவும் புடிச்சாத்தான? இப்ப புதுசா வந்த கூலிச் சட்டத் தொகுப்பு, 2019ல பார்லிமெண்ட்ல நிறைவேத்தி 2025 நவம்பர் 21லதான் நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க, அதுல அபராதம் அம்பதாயிரம் வரைக்கும், அஞ்சு வருசத்துக்குள்ள திரும்பப் பண்ணா ஒரு லட்சம் வரைக்கும், ஜெயிலும் உண்டு. பதிவேடு சரியா வைக்காதது மாதிரி மத்த தப்புக்கு மொத தடவை மாட்டுனா ஒடனே கேஸ் போடாம சரி பண்ண டைம் கொடுக்கணும்னும் இருக்கு, அது சின்ன கடைக்காரனுக்கு நல்லதுதான். பட்டியல்ல இருக்கிற தொழிலுக்கு மட்டும்னு இல்லாம எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டுன்னும் சொல்லுது.

ஆனா அதுல தேசிய அளவுக்கு ஒரு அடிமட்டக் கூலி, அதுக்குக் கீழ எந்த ஸ்டேட்டும் போகக் கூடாதுன்னு ஒன்னு வச்சிருக்காங்க பாருங்க, அது எவ்வளவு இருக்கணும்ங்கிறதுதான் சண்டையே. சும்மா சிபாரிசா சொல்லிக்கிட்டு இருந்த காலத்துல, 2017ல, அது நாளைக்கு 176 ரூபா. 2019ல மத்திய அரசு போட்ட நிபுணர் குழு 375 ரூபா வேணும்னு சொல்லுச்சு, அதுவும் 2018 விலைவாசிக்கு. நம்ம நூறு நாள் வேலைக்கே தமிழ்நாட்டுல 2025-26க்கு 336 ரூபா இருந்துச்சு. அப்ப 176ங்கிறது யாரு வயித்த அளந்து போட்டது? இந்தக் கணக்குக்கு 1957லயே ஒரு அளவு வச்சிட்டாங்க, இந்தியத் தொழிலாளர் மாநாட்டுல, ஒரு குடும்பத்துக்கு மூணு ஆள் சாப்பாடு, ஆளுக்கு 2700 கலோரி, வருசத்துக்கு 72 கஜம் துணி, வாடகை, வெறகு வெளக்குச் செலவுன்னு. அதுல பிள்ளைங்க படிப்பும் ஆஸ்பத்திரிச் செலவும் இல்ல. 1991ல சென்னை ஃபேக்டரி ஒன்னோட கேஸ்லதான் சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு, படிப்பு, வைத்தியம், நல்லது பொல்லது, வயசான காலம் இதுக்கெல்லாம் இன்னும் 25 சதவீதம் சேக்கணும்னு. அத படிச்சப்ப எனக்கு அக்கா மக காலேஜ் பீஸ்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

அதே சுப்ரீம் கோர்ட்டு 1950கள்லயே இன்னொன்னும் சொல்லியிருக்கு, அடிப்படைக் கூலி கூட கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கவே உரிமை கிடையாதுங்கிற மாதிரி. கடைக்காரனா அத படிக்கும்போது நெஞ்சு பக்குன்னு இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா, மைதாக்காரனுக்குப் பாதிக் காசு கொடுத்துட்டு என் கடை நடக்கணும்ல அண்ணாச்சின்னு நான் கேக்க முடியுமா? கேஸ் ஏஜென்சில கேக்க முடியுமா? பின்னாடி நிக்கிற அக்காகிட்ட மட்டும் எப்படிக் கேட்டேன்?

என் தங்கச்சி மகன் பாளையங்கோட்டைல எக்கனாமிக்ஸ் படிக்கான், அவன் ஒன்னு சொன்னான். அமெரிக்காவுல 1992ல நியூஜெர்சிங்கிற ஸ்டேட்டுல குறைந்தபட்சக் கூலிய மணிக்கு 4.25 டாலர்ல இருந்து 5.05 ஆக்குனாங்களாம், பக்கத்து பென்சில்வேனியாவுல ஏத்தல. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர்னு ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் சேத்து 410 பாஸ்ட்புட் கடைல முன்னையும் பின்னையும் கணக்கெடுத்தா, ஏத்துன பக்கம் வேலை கொறையவே இல்லையாம். அதுக்கு எதிரா வேற கணக்கு காட்டுனவங்களும் உண்டு, சண்டை இன்னும் ஓயலன்னும் அவனே சொன்னான், இருந்தாலும் கார்டுக்கு 2021ல நோபல் பரிசு கொடுத்திருக்காங்க. எனக்கு அதுல புடிச்சது என்னன்னா அவங்க எண்ணுனது பெரிய கம்பெனிய இல்ல, சாப்பாட்டுக் கடையத்தான்.

நம்ம ஊருக்குப் பொருந்துற மாதிரி நானே பாத்தது ஒன்னு இருக்கு. பீடிக் கம்பெனில வாரச் சம்பளம் போடுற அன்னைக்கு என் கடைல பார்சல் கூடும். அந்த அம்மாமாரு பிள்ளைங்களுக்கு ரெண்டு பரோட்டா கட்டிட்டுப் போவாங்க, அப்படியே அடுத்த கடைல கருப்பட்டி, மளிகைக் கடைல பாக்கி. சம்பளம் தள்ளிப் போன வாரம் எங்க தெருவே காத்தாடும். அவங்க கைல பத்து ரூபா கூட இருந்தா அது அம்பாசமுத்திரத்த விட்டு எங்கயும் போகாது.

பயப்பட வேண்டிய எடம் ஒன்னு உண்டு, அத மறைக்கல. பீடில ஆயிரத்துக்கு ரேட் ஏத்துனா வாரத்துல ஆறு நாள் எலை போட்டவன் நாலு நாள், மூணு நாள்னு கொறைக்கான். கூலி ஏறுன மாதிரி இருக்கும், வார முடிவுல கைக்கு வாரது கொறஞ்சிருக்கும். பீடி குடிக்கிறவனும் கொறையுதான், 2017ல 28 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டதும் அடி. அந்தத் தொழில்ல இருக்கவங்களுக்கு வெறும் ரேட் மட்டும் பத்தாது, இத்தனை நாள் வேலைன்னு உறுதி வேணும், வேற தொழிலுக்கு மாற கை கொடுக்கணும். ஆனா அதக் காட்டி, ஏசி போட்ட ஜவுளிக்கடையும் மூணு மாடி ஓட்டலும் நாங்களும் சின்ன தொழில்தான்னு பின்னாடி ஒளியக் கூடாது.

இன்னொன்னும் மனச விட்டுப் போகல. தாமிரபரணில கொக்கிரகுளம் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு 1999 ஜூலை 23 நியாபகம் வரும். மாஞ்சோலை தேயிலை எஸ்டேட் தொழிலாளிங்களுக்குக் கூலி உயர்வு வேணும், கைது பண்ணவங்கள விடணும்னு கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமா போனாங்க, போலீஸ் அடிச்சதுல ஆத்துல விழுந்து பதினேழு பேரு செத்தாங்க, கைக்குழந்தையோட சேத்து. கூலிய ஏத்தலாமா வேண்டாமாங்கிறத வெறும் லாப நட்டக் கணக்காப் பேசுதவங்க இந்த ஊர்ல இருந்துக்கிட்டு அத மறந்துட்டுப் பேச முடியாது.

ஆசிரியர் சார், கடைசியா உங்ககிட்டதான் கேக்கணும். உங்க பேப்பர்ல தெனமும் தங்கம் வெல போடுதீங்க, முட்ட வெல போடுதீங்க, தேங்கா, வாழத்தார் வெல கூட வருது. நம்ம தமிழ்நாட்டுல சென்னை விலைவாசிக் குறியீட்ட வச்சு வருசா வருசம் ஏப்ரல் 1ல இருந்து பஞ்சப்படி மாறுது. ஓட்டல் வேலைக்கு இவ்வளவு, கடை வேலைக்கு இவ்வளவு, பீடி ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு அத தொழில்வாரியா ஒரு கட்டம் கட்டி அந்த வாரத்துல மொதப் பக்கத்துல போடுங்க. பக்கத்துலயே திருநெல்வேலி லேபர் ஆபீஸ் போன் நம்பரும் புகார் கொடுக்கிற வழியும் இருக்கட்டும். நான் அத வெட்டி என் கல்லாவுக்கு மேல, வர்றவங்க கண்ணுல படுற மாதிரி ஒட்டி வைக்கேன். எதுத்த கடைக்காரரும் ஒட்டுதேன்னு சொல்லியிருக்காரு, பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கவரும் ஒட்டுனா.

இப்படிக்கு,
சாப்பாட்டுக் கடைக்காரன் ஒருத்தன்,
அம்பாசமுத்திரம்.